பாட்டிலுக்குள் ஒரு ஃபேக்டரி!



கும்மிடிப்பூண்டியில் லோக்கல் பிடித்து, பேசின் பிரிட்ஜில் மாறி, வில்லிவாக்கத்தில் இறங்கி, கொளத்தூர் கடைகளை ஒரு ரவுண்டு அடித்து... திரும்பி வரும்போது மடியில் மீன் கவர், கையில் செடிக் கட்டு. இந்தக் கஷ்டமெல்லாம் பட்டு ரெண்டடித் தொட்டி வைத்தால், ஒரே மாசத்தில் செடி மட்டும் அரியர் எழுதப் போகிறவன் மூஞ்சி மாதிரி வெளிறிப் போய்க் கிடக்கும். லைட்டைக் கூட்டினால், இலை மேல பாசிதான் வளரும். மண்டை காயுதா?

விஷயம் சிம்பிள் பாஸ். செடிக்குப் பசி! ஈரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால், செடியின் எடையில் கிட்டத்தட்ட 40 சதவிகிதம் கார்பன்தான். அதை அது கார்பன் டை ஆக்ஸைடில் இருந்துதான் எடுக்கணும். ஆனால், அந்த வாயு தண்ணீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. ஏரியில் அடிச்சேறு மக்கிக்கொண்டே இருக்கும், அதிலிருந்து வாயு வரும். கழுவிய கூழாங்கல் போட்ட உங்க தொட்டியில் எது மக்கும்?

கடையில் கேட்டால் சிலிண்டர், ரெகுலேட்டர் என்று பர்ஸைக் காலி பண்ணுவார்கள். 'சிப்காட்ல எங்க வெல்டிங் ஷாப்லயே அந்த சிலிண்டர் இருக்கே'னு கண்ணடிக்காதீங்க. அதுக்குள்ளே இருக்கிற அழுத்தம் 60 பாருக்கு மேல. சரியான ரெகுலேட்டர் இல்லாமல் அது விளையாட்டுச் சாமான் இல்லை. நமக்கு ஒரு பாட்டில் போதும். அம்மா அரைத்து வைத்த இட்லி மாவு ராத்திரியில் பொங்குதே, அதைப் பொங்க வைக்கிறதும் இதே வாயுதான்!

எப்படிச் செய்வது?

காலி 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்று. கேஸ் அழுத்தம் தாங்கற மாதிரி செய்தது அதுதான். தண்ணி பாட்டிலும் கண்ணாடியும் வேணவே வேணாம். 200 கிராம் சர்க்கரை, அரை டீஸ்பூன் சமையல் சோடா, கால் டீஸ்பூன் பேக்கரி ஈஸ்ட். முக்கால் பாட்டில் வரைக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கலக்குங்க. கொதிக்கிற தண்ணி ஊத்தினா ஈஸ்ட் செத்துடும்.

மூடியில் டியூபைவிடக் கொஞ்சம் சின்னதா ஓட்டை போட்டு, டியூபை இழுத்துச் செருகி, சிலிக்கான் பசையால் அடையுங்க. டியூபுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் புது டிரிப் செட் போதும். நடுவில் பாதி தண்ணீரோடு ஒரு குட்டி பாட்டில் வையுங்க. நுரையும் கழிவும் அங்கேயே நின்னுடும், குமிழியை எண்ணவும் வசதி. அந்தச் சர்க்கரைத் தண்ணி தொட்டிக்குள் போனால், பாக்டீரியா பெருகித் தொட்டியே பால் மாதிரி ஆகிடும். கடைசி முனையை ஃபில்டரின் வாயில் செருகினால், குமிழி பொடிப்பொடியாகிக் கரையும். பாட்டிலைத் தொட்டியைவிட உயரத்தில் வையுங்க. கீழே வைத்தால், நொதித்தல் ஓய்ந்ததும் தொட்டித் தண்ணி டியூப் வழியா இறங்கி வந்து வீட்டையே கழுவி விட்டுடும்!

சில மணி நேரத்தில் குமிழி வர ஆரம்பிக்கும். நம்ம ஊர் சூட்டில் முதல் சில நாள் தடதடனு வரும், ரெண்டு வாரத்துக்குள் மொத்தமும் அடங்கிடும். உள்ளே நடப்பது கள்ளு புளிக்கிற அதே வேலை. குடித்துப் பார்க்கிற ஐடியா இருந்தா, இந்தப் பக்கத்தை இதோட மூடிடுங்க!

இனிமேதான் மேட்டரே...

இந்த ஃபேக்டரிக்கு ஸ்விட்ச் கிடையாது. 200 கிராம் சர்க்கரை முழுசா நொதித்தால், வெளியே வருவது 50 லிட்டருக்கும் அதிகமான வாயு. டிரிப் செட்டில் ஒரு குட்டி உருளை இருக்கும், தெரியுமா? 'ராத்திரி வேணாமே'னு அதைத் திருகி மூடிட்டுத் தூங்கப் போனீங்கன்னா, நடுராத்திரியில் பாட்டில் வெடிச்சு எழுப்பும். அந்த உருளையைக் கழற்றித் தூக்கிப் போட்டுடுங்க.

சரி, மூடாமல் விட்டால்? விளக்கு அணைந்ததும் செடி வாயுவை எடுப்பதை நிறுத்திவிடும். பகல், ராத்திரினு பார்க்காமல் அது விடும் மூச்சு மட்டும் தொடரும். ஈஸ்ட்டுக்கோ நைட் ஷிஃப்ட்டும் உண்டு. தண்ணீரில் வாயு ஏற ஏற, மீனின் ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு செவுள் வழியா வெளியே போக முடியாது. அந்த ரத்தம் ஆக்ஸிஜனையும் ஒழுங்காச் சுமக்காது. தண்ணீரில் ஆக்ஸிஜன் இருக்கும், ஆனாலும் மீனுக்கு மூச்சு முட்டும். காலையில் எழுந்து பார்த்தால், மொத்தக் கூட்டமும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். செடி மட்டும் பச்சைப்பசேல்னு சிரிக்கும்!

ஸோ, சின்னதாத் தொடங்குங்க. 50 லிட்டர் தொட்டிக்கு ரெண்டு, மூணு விநாடிக்கு ஒரு குமிழி போதும். லிட்டருக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை. அதைக் காட்ட 'டிராப் செக்கர்'னு ஒண்ணு கிடைக்கும். நீலம்னா பத்தலை, பச்சைன்னா ஓகே, மஞ்சள்னா டேஞ்சர். ஆனா அது நிறம் மாற ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகும், மீன் அதுக்கு முன்னாடியே சொல்லிடும். விளக்கை அணைக்கும்போது டியூபைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப் போட்டுட்டு, ஏர் பம்பை ஓட விடுங்க. முதல் தடவை பாட்டிலை மாட்டுவது ஞாயிற்றுக்கிழமை காலையில் இருக்கட்டும். ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் வேணாம். மீன் மேலே வந்து திணறினால் உடனே டியூபை உருவி, பம்பை முழு வேகத்தில் விட்டு, கால் பங்கு தண்ணீரை மாத்துங்க.

'இவ்வளவு டென்ஷன் நமக்கு ஆகாதுப்பா'ங்கறீங்களா? வேலம்பாசியும் வாலிஸ்னேரியாவும் வாங்கிப் போடுங்க. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே அதுங்க கார்பனை எடுத்துக்கும். பாட்டிலே தேவையில்லை.

செடி வாடினா ஒரு வாரம் டைம் கொடுக்கும், உங்களால் காப்பாத்திட முடியும். மீன் அவ்வளவு நேரம் தராது. அதனால பாட்டிலை மாட்டின அன்னைக்குச் செடியைப் பார்க்காதீங்க, மீனைப் பாருங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம். பை!