சட்டகத்துள் அடங்கா மனிதர்
கணினி விளையாட்டு உருக்களின் அளவு குறித்துச் சில கருத்துக்கள்

கட்டந் தாளில் சதுரங்களை ஒவ்வொன்றாக நிறமூட்டுவது போலப் படப்புள்ளிகளை அடுக்கி, கணினி விளையாட்டுக்களுக்கு மனித உருவங்களை ஆக்குவோரிடையே ஒரு கருத்து ஏறக்குறையச் சட்டமாகவே நிலைபெற்றுள்ளது. அகலம் 16 கட்டம், உயரம் 16 கட்டம் என்பதே தூய அளவு என்றும், அதனை மீறுவது கலையின் சிக்கனத்தைக் குலைப்பது என்றும் அவர்கள் கூறுவர். இவ்வளவை ஆராயாது ஏற்றுக்கொண்டு, இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்ட மக்களை வரைய முற்படின் விளைவது யாது என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

இவ்வளவு கலைஞர் எவரும் அழகு கருதித் தெரிந்ததன்று. 1983 இல் யப்பானில் நின்ரெண்டோ நிறுவனம் வெளியிட்ட பமிகொம் இயந்திரம், 8 கட்ட அகலமும் 8 அல்லது 16 கட்ட உயரமும் கொண்ட துண்டங்களையே அசையும் உருவாகக் காட்டவல்லதாயிருந்தது. துண்டமொன்றுக்கு மூன்று நிறங்கள். ஒரு கிடைவரியில் எட்டுத் துண்டங்கள். 1985 இல் வெளிவந்த சுப்பர் மரியோ விளையாட்டின் சிறிய மரியோ, இத்தகைய துண்டங்களை இணைத்து 16க்கு 16 ஆக அமைக்கப்பட்டான். வளர்ந்த மரியோவோ 16க்கு 32 ஆனான். தூய அளவெனப் போற்றப்படுவதை அதன் மூலவரே அதே விளையாட்டில் மீறினர். 1981 இல் டொங்கி கொங் விளையாட்டில் அவனை முதன்முதல் படைத்த சிகெரு மியாமோட்டோ, தலைமயிரை வரைவது கடினமாகையால் தொப்பியும், வாயை வரைய இடமின்மையால் மீசையும் வைத்தார். இயந்திரத்தின் வறுமையை மதிநுட்பத்தால் வென்றமை பாராட்டுக்குரியது. ஆனால் அவ்வறுமை நீங்கிய பின்னரும் அதனையே இலட்சணமாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

மரியோ கற்பனை மாந்தன். அவன் முகத்தில் மீசை ஒட்டப்பட்டதால் எவருக்கும் இழப்பில்லை. தோட்ட மக்களின் நிலை வேறு. முதுகிற் கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் பெண் என்ற ஒரே சின்னமாக அவர்களைத் தேயிலைப் பெட்டிகள் ஏற்கெனவே சுருக்கிவிட்டன. பல தோட்டங்களில் கூடையின் இடத்தைச் சாக்குப்பை பிடித்துக்கொண்ட பின்னரும் அச்சின்னம் மாறவில்லை. அன்றியும், கேகாலை நாட்டின் முதன்மையான இறப்பர் மாவட்டங்களுள் ஒன்று. அங்கு விடியலில் மரத்துக்கு மரம் சென்று, பட்டையைச் சரிவாகச் சீவி, சிரட்டையில் வடியும் பாலை வாளியிற் சேர்ப்பவர் பால்வெட்டுத் தொழிலாளர். 16 கட்ட உயரமுள்ள உருவில் முகம் தெரியவேண்டின் தலைக்கே ஆறு கட்டங்கள் போய்விடும். கைக்கு எஞ்சுவது ஒன்றோ இரண்டோ. பால்வெட்டும் கத்தி ஒரு சாம்பல் நிறப் புள்ளியாகும். விளையாட்டுக்களிற் பழகிய கண் அப்புள்ளியை வாளென்றே வாசிக்கும். தொழிலாளி போர்வீரனாவான்; அன்றேல் கூடையைச் சுமத்தித் தேயிலைப் பெட்டியின் பெண்ணாக்க வேண்டும். வேறொரு வழியை அச்சட்டகம் அரிதாகவே தரும்.

இதனினும் பாரதூரமானது நிறத்தின் பிரச்சினை. சப்ரகமுவவில் தோட்டமும் சிங்களக் கிராமமும் அருகருகே அமைந்துள்ளன. கடையும் பேருந்தும் இரு சாராருக்கும் பொது. இவர்களை ஒரே காட்சியில் 16 கட்டங்களுள் வரைபவர், நடையாலும் முகபாவத்தாலும் வேறுபடுத்த இடமின்றி, ஒருவரைக் கறுப்பாகவும் மற்றவரை வெளுப்பாகவும் தீட்டிவிடுதல் எளிது. உடலின் நிறத்தால் இனத்தைப் பிரித்தறியும் பொய், வசதி கருதிய உத்தி என்ற பெயரில் அங்கு நுழைந்துவிடுகிறது.

பெரிய உருவுக்குப் பெரும் உழைப்பு வேண்டும் என்ற எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. நான்கு திசைகளுக்கும் திசைக்கு நான்கு நடைநிலைகளாகப் பதினாறு படங்கள் வரைதல் வேண்டும். 16க்கு 16 இல் 256 கட்டங்கள். 32க்கு 48 இலோ 1536, அதாவது ஆறு மடங்கு. உருவம் பெருக்குமளவுக்குத் திரையில் மலைச்சரிவும் மரவரிசையும் குறுகும். ஆயின் இவ்வாதம் அளவின்றிப் பெருக்குவோருக்கே விடையாகும், ஆராய்ந்து தெரிவோருக்கன்று.

அளவைத் தெரியும் முறை தலைகீழாக மாறவேண்டும். உருவம் செய்யவேண்டிய தொழில் எது, அதில் மயக்கமின்றித் தெரியவேண்டிய மிகச் சிறிய பொருள் எது என்பன முதலில் வரையறுக்கப்படல் வேண்டும். கத்தியின் வளைந்த முனைக்கும் அதைப் பற்றிய விரல்களுக்கும் குறைந்தது மூன்று கட்டங்களாவது தேவையெனின், உடலின் உயரம் அதிலிருந்தே கணிக்கப்படும். 24க்கு 32 என்ற அளவில் இது இயலும். அதன் 768 கட்டங்கள் பழைய அளவின் மும்மடங்கே. 320க்கு 180 என்ற காட்சிப் பரப்பில் அவ்வுரு உயரத்தில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கே கொள்ளும், மலைக்கும் இடமுண்டு. அப்பரப்பைச் சரியாக ஆறு மடங்கு பெருக்கினால் 1920க்கு 1080 திரை நிரம்பும். முழு எண்ணாற் பெருக்குவதால் கட்டங்கள் சிதையா. துரைக்கும் கங்காணிக்கும் தொழிலாளிக்கும் ஒரே அளவுச் சட்டகமே வழங்கப்படல் வேண்டும் என்பதும் இங்கு வலியுறுத்தத்தக்கது. பதவிக்கேற்ப உருவைப் பெருக்குவது பழைய அரசவை ஓவியங்களின் வழக்கம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற லயக்காம்பிராவின் அளவை அதில் வாழப்போகும் குடும்பத்தைக் கேட்டு எவரும் வகுக்கவில்லை. கட்டுவோரின் சிக்கனமே அளவாயிற்று. பின்னர் மனிதர் அதற்குள் மடக்கப்பட்டனர். அதே மக்களின் வாழ்வைத் திரையிற் கொணர முனையும் இளந் தலைமுறையினர், அளவை முன்வைத்து மனிதரைப் பின்வைக்கும் அம்முறையை மீண்டும் கையாளுதல் தகாது. மனிதரை முதலில் அறிக. கட்டங்களைப் பின்னர் எண்ணுக.