கடைத்தெருவைக் காப்பது கோபுரக் கூரையா, மாடியில் குடியிருப்பவரா?

ஒரு பழைய கடைத்தெருவைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தால், வியாபாரிகளாகிய நமக்கு முதலில் வருவது மகிழ்ச்சி அல்ல, பயம். அதிகாரிகள் படம் வரைந்து காட்டுவார்கள். படத்தில் அகலமான நடைபாதை இருக்கும், வரிசையாக மரம் இருக்கும், நாற்காலி போட்டுக் காபி அருந்துவோர் இருப்பார்கள். மூட்டை இறக்கும் லாரி மட்டும் இருக்காது. இந்தப் பயம் நியாயமானது என்பதே நமது அபிப்பிராயம். ஆனாலும் புதுப்பித்தல் என்ற சொல்லைக் கேட்டதுமே கதவை அடைப்பது நமக்கு அழகல்ல. எப்படிச் செய்தால் கடையும் பிழைக்கும், தெருவும் துலங்கும் என்று அறிய, அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள சைனாடவுன் என்னும் சீனக் கடைத்தெருவின் வரலாறு மிகவும் உதவும். அங்கே வியாபாரிகள் பல முறை முன்னின்று போராடினார்கள். சிலவற்றில் வென்றார்கள், சிலவற்றில் தோற்றார்கள்.

1906 ஏப்ரல் 18 அன்று பூகம்பமும் அதைத் தொடர்ந்த பெருந்தீயும் அந்தப் பகுதியை முழுவதுமாக அழித்தன. சாம்பல் ஆறும் முன்பே, சீனர்களை நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தி, ஹன்டர்ஸ் பாயிண்ட் என்ற ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பிவிடலாம் என்று நகரப் பெரியவர்கள் யோசித்தார்கள். அது சீனர்களுக்கு மிகவும் கெட்ட காலம். சீனத் தொழிலாளர் உள்ளே வரக்கூடாது என்று 1882-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் 1943 வரை நீடித்தது. வியாபாரிகளுக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. ஆகவே வாய் திறந்து பேசக்கூடிய நிலையில் இருந்தவர்கள் வியாபாரிகளே.

அவர்கள் கெஞ்சவில்லை, கணக்குப் பேசினார்கள். எங்களைத் துரத்தினால் கீழைநாட்டு வியாபாரம் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும் என்றார்கள். கட்டடங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுடையவை. நல்ல வாடகை கொடுத்துவந்தவர்களை இழக்க அவர்களுக்கும் மனமில்லை. இதற்கிடையில் லுக் டின் எலி என்ற வியாபாரி முன்வந்து, கிழக்கத்திய பாணியில் வளைந்த கூரையும் கோபுரமுமாகக் கட்டினால் வேடிக்கை பார்க்க ஊரே வரும், பிறகு யாரும் நம்மை விரட்டத் துணியமாட்டார்கள் என்று யோசனை சொன்னார். ராஸ், பர்க்ரன் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்களை அமர்த்தி, கிராண்ட் அவென்யூவும் கலிபோர்னியா தெருவும் சந்திக்கும் மூலைகளில் சிங் சோங், சிங் ஃபாட் என்ற பெரிய கடைகள் எழுப்பப்பட்டன. சீன பாணி என்ற பெயரில் அந்தத் தெருவுக்கு முகம் கொடுத்தவர்கள் சீனர்களே அல்லர் என்பது வேடிக்கைதான். ஆனால் காரியம் நடந்தது. மக்கள் அதே இடத்தில் நிலைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். கூரைதான் தெருவைக் காப்பாற்றியது என்ற எண்ணமும் இதனால்தான் பரவியிருக்கிறது. நாம் அப்படிக் கருதவில்லை. கூரை இடத்தைக் காத்தது, அவ்வளவே. வியாபாரத்தைக் காத்தது வேறு.

கிராண்ட் அவென்யூவுக்கு ஒரு தெரு தள்ளி ஸ்டாக்டன் தெரு இருக்கிறது. கிராண்டில் பொம்மை, பட்டு, ஞாபகப் பொருள் எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு. ஸ்டாக்டனில் கீரை, மீன், கோழி, உலர்ந்த சரக்கு, மருந்துச் சாமான், இவையெல்லாம் ஊர்க்காரர்களுக்கு. மளிகைக்காரருக்கு எந்தத் தெரு முக்கியம் என்று நாம் சொல்லத் தேவையில்லை. பயணி ஒரு முறை வருவார், ஒரு சீசன் வருவார். ஊர் மளிகைக்கு வாடிக்கை என்பது நாள்தோறும் பையுடன் வருகிறவர்.

அந்த வாடிக்கைக்காரர் எங்கிருந்து வருகிறார்? கடைக்கு மேலேயிருந்து. சைனாடவுனின் பெரும்பாலான கட்டடங்களில் கீழே கடை, மேலே குடியிருப்பு. அதிலும் பலவற்றில் ஒற்றை அறைகள்தாம்: எட்டடிக்குப் பத்தடி, பொதுச் சமையலறை, பொதுக் கழிப்பறை. அந்த அறைக்குள் ஒரு முதியவரோ ஒரு குடும்பமோ காலம் தள்ளுகிறது. இதை நாம் புகழ்ந்து சொல்லவில்லை. மனிதர் இப்படி நெருக்கியடித்து வாழ்வது துயரம். ஆனால் வியாபாரி கண்ணால் பாருங்கள்: அரிசி மூட்டை வாங்கி வைக்க இடமில்லாதவர் அன்றன்று கடைக்கு இறங்கித்தானே ஆகவேண்டும்? மாடியிலுள்ளவரை வெளியேற்றிவிட்டு அலுவலகம் கட்டினால், கீழே உள்ள கீரைக்கடை எத்தனை நாள் ஓடும்?

இது வெறும் ஊகம் அல்ல. சைனாடவுனை ஒட்டிய கியர்னி தெருவில் இண்டர்நேஷனல் ஹோட்டல் என்ற பழைய விடுதி இருந்தது. வயதான பிலிப்பினோக்களும் சீனர்களும் அதில் வாடகைக்கு இருந்தார்கள். 1968-ல் காலி செய்யச் சொன்னார்கள். ஒன்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில் போலீசை வைத்து வெளியேற்றினார்கள். அதன்பின் கட்டடத்தை இடித்தார்கள். அப்புறம் அங்கே என்ன எழும்பியது? இருபது ஆண்டுகளுக்கு மேல் அது வெற்றுக் குழியாகக் கிடந்தது. 2005-ல்தான் முதியோருக்கென 104 வீடுகள் கொண்ட கட்டடம் அங்கே வந்தது. அத்தனை ஆண்டுகள் அந்த மனையிலிருந்து பக்கத்துக் கடைகளுக்கு ஒரு ரூபாய் கொள்முதல் கூட வந்திருக்காது.

இதற்குப் பிறகுதான் அங்குள்ளவர்கள் விழித்துக்கொண்டார்கள். அதே 1977-ல் தொடங்கிய, இன்று சைனாடவுன் சமூக மேம்பாட்டு மையம் என்று அழைக்கப்படும் அமைப்பு, குடியிருப்பவர்களோடு சேர்ந்து வேலை செய்தது. 1980-களின் நடுவில் நகராட்சி அந்தப் பகுதிக்கென்றே தனி விதிகள் வகுத்தது. கட்டடத்தின் உயரத்துக்கு வரம்பு கட்டினார்கள். ஒரு கடை எத்தனை சதுர அடி பரவலாம் என்பதற்கும் வரம்பு. பயணிகளுக்கான கடைகள், ஊர்க்காரர்களுக்கான கடைகள் என்று பகுதி பிரித்தார்கள். கிராண்ட் அவென்யூ பகுதியில் சங்கிலித் தொடர் கடைகளுக்கு இடமில்லை என்ற விதியும் பின்னர் வந்தது.

இந்த இடத்தில் நமது சங்கத்திலேயே இரண்டு கருத்து எழும் என்பதை அறிவோம். சொந்தக் கட்டடம் உள்ளவர், "எனது மனையில் பத்து மாடி கட்ட எனக்கு ஏன் உரிமையில்லை?" என்பார். வாடகைக் கடைக்காரருக்கு அந்தப் பத்து மாடி வந்தால் முதலில் போவது தன் கடைதான் என்று தெரியும். அட்வான்ஸும் வாடகையும் ஏறிய பிறகு, பழைய இடத்துக்குத் திரும்ப வந்த சில்லறைக் கடைக்காரர் எத்தனை பேர்? இருவரும் சந்தா கட்டும் உறுப்பினர்களே. ஆனால் ஒரு கடைத்தெருவில் பெரும்பாலோர் வாடகைக்கு இருக்கும்போது, உயர வரம்பை எதிர்ப்பது வியாபாரிகள் சங்கத்தின் வேலை அல்ல. அது மனைக்காரர்களின் வேலை. இதைச் சொல்வதால் சிலருக்கு நம்மேல் வருத்தம் வரலாம். வரட்டும்.

சந்துகளைச் செப்பனிட்டது, போர்ட்ஸ்மவுத் சதுக்கத்தில் முதியவர்கள் உட்கார்ந்து சீட்டும் சதுரங்கமும் ஆடுவது, இவற்றையெல்லாம் விரித்தால் பக்கம் போதாது. ஒற்றை அறைக்காரருக்கு அந்தச் சதுக்கமே கூடம் என்று மட்டும் சொல்லி மேலே போகிறோம்.

சாலை விஷயத்தை அப்படி விட முடியாது. 1989 அக்டோபர் பூகம்பத்தில் எம்பார்கடேரோ என்ற இரட்டை அடுக்கு மேம்பாலச் சாலை சேதமானது. வெளியூர்க் கார்கள் சைனாடவுன் பக்கம் இறங்கும் வழி அதுதான். அதை மூடியதும் வியாபாரம் படுத்துவிட்டது. செப்பனிட்டுத் திறக்க வேண்டும் என்று வியாபாரிகள் வீதியில் இறங்கினார்கள். சீன வர்த்தக சபையின் சார்பில் ரோஸ் பாக் என்ற பெண்மணி முன்னின்றார். ஆனால் மேயர் ஆர்ட் ஆக்னோஸ் இடிப்பதையே ஆதரித்தார். 1991-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டுத் தேர்தலில் மேயர் தோற்றார்; சைனாடவுனின் கோபமும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள்.

இன்று அந்தக் கடற்கரைச் சாலை அழகாக இருக்கிறது, மறுப்பதற்கில்லை. வியாபாரிகள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்று அப்போது எழுதியவர்கள், ஒரு சிறு கேள்வியை விட்டுவிட்டார்கள்: பழைய வழியை அடைக்கும் முன் புதிய வழியைத் திறந்தார்களா? இல்லை. மாற்றாகக் கேட்ட சுரங்க ரயிலுக்கு 2010-ல்தான் பூமி தோண்டினார்கள். ஸ்டாக்டன், வாஷிங்டன் தெருக்களின் மூலையில் அமைந்த நிலையம் 2022 நவம்பரில் திறந்தது, முழு ஓட்டம் 2023 ஜனவரியில். ஏறத்தாழ 195 கோடி டாலர் செலவு. ரோஸ் பாக் 2016-லேயே காலமாகிவிட்டார். நிலையத்துக்கு அவர் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பாலம் மூடியதிலிருந்து ரயில் வரும் வரை 33 ஆண்டுகள். அதற்குள் ஒரு கடைக்காரர் மகனுக்குக் கல்லாவைக் கொடுத்து, அந்த மகனும் கடையை மூடியிருக்கலாம்.

2020-ல் கொரோனா வந்து உணவுக்கடைகள் அடைபட்டபோது, மேலே சொன்ன அதே மையம் ஒரு காரியம் செய்தது. பொதுச் சமையலறையில் கூடுவதே ஆபத்தாகிவிட்ட ஒற்றை அறைக் குடும்பங்களுக்கு, சைனாடவுன் உணவுக்கடைகளிடமே பணம் கொடுத்துச் சமைத்து வாங்கி வழங்கியது. மாடிக்குச் சோறு, கீழே கல்லாவுக்குக் காசு. நன்கொடையை வெளியூர்ப் பொட்டலமாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தால் பசி ஆறியிருக்கும், அடுப்பு அணைந்திருக்கும்.

ஆகவே எந்த ஊர்க் கடைத்தெருவுக்கும் திட்டம் வரும்போது, படத்திலுள்ள வளைவையும் விளக்குக் கம்பத்தையும் பற்றி அபிப்பிராயம் சொல்ல நம்மை அழைத்தால் போகலாம். ஆனால் சங்கத்தின் மனுவில் முதல் வரியாக இருக்கவேண்டியது, இப்போது மாடியில் இருப்பவர்கள் வேலை முடிந்த பிறகும் அங்கேயே இருப்பார்களா என்பது. சரக்கு இறக்கும் நேரமும் இடமும் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். தோண்டும் காலம் எத்தனை மாதம் என்பதும், அது தாண்டினால் கடை வாடகைக்கு யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வரவேண்டும், வாய்ச்சொல்லாக ஏற்கக்கூடாது.