கூடவே வரும் சாதி

பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலில் சனிக்கிழமை ஆனால் கூட்டம். யாரும் யாரையும் 'என்ன கிடைச்சுது, வந்தே?' என்று கேட்பதில்லை. அதே ஊரில் ஒரு தலித் குடும்பம் ஞானஸ்நானம் எடுத்துச் சபையில் சேரட்டும். 'எவ்வளவு கொடுத்தாங்க?' என்போம்.

பி.காம். படித்தவன் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். வரவு இல்லை சார், செலவுதான். 1950-ம் வருட ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவருக்கோ கதவு சாத்தியே இருக்கிறது. தமிழ்நாட்டில் அவர் பி.சி. ஆகிவிடுவார். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது.

ஆசை காட்டி மதம் மாற்றக்கூடாது என்று 2002-ல் சட்டம் போட்டார் ஜெயலலிதா. 2004-ல் தேர்தலில் தோற்றதும் அவரே அதைக் கைவிட்டார். சரி, ஆசை காட்டுவது குற்றம். நஷ்டத்தைக் காட்டி மிரட்டுவது?

மதம் மாறினால் சாதி போய்விடுமாம்! உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். மற்ற கிறிஸ்தவர்களோடு மோதல். 2008-ல் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். பாதிரிமார்களே, பாவமன்னிப்பு கேட்க வேண்டியது யார்?

சர்ச் வாசல் வரை சாதி கூடவே வருகிறது. சலுகை மட்டும் பாதி வழியில் இறங்கிக்கொள்கிறது. இது எந்த ஊர் நியாயம்?