எரிந்தால் குணமாகாது

"எரியுதா? அப்போ நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்." ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவிலிருந்து மாரிக்குப்பம் லைன் வீடுகள் வரை, எங்கள் கோலார் தங்கவயலில் பிள்ளைகளின் முகத்தைப் பாழாக்குவதில் இந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. சொல்பவர்கள் அந்நியர்கள் அல்ல. அம்மா, பாட்டி, சித்தி. அதனால்தான் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அதை நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி, ஏழாம் வகுப்பு. நெற்றியில் நாலைந்து பரு வந்ததும் எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்துத் தினமும் பூசியிருக்கிறாள். நான் பார்த்தபோது கன்னத்துத் தோல் இழுத்துக் கட்டியதுபோல் மினுங்கியது. மூக்கோரம் வெள்ளைச் செதில். வாயைத் திறந்து சிரிக்க முடியவில்லை. பரு பருவாகவே இருந்தது, அதைச் சுற்றிப் புதிதாகக் கருந்திட்டுகள். அவள் கேட்டது: "கறுத்துப் போச்சு ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் எலுமிச்சை சேக்கட்டுமா?"

கறுத்ததே எலுமிச்சையால்தான். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரை. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டிய கடும் அமிலம். சமையல் சோடா 8-க்கு மேல், சாதாரணக் குளியல் சோப் 9, 10. இவற்றைத் தொடர்ந்து போட்டால் தோலின் ஈரத்தைக் காக்கும் கொழுப்புப் படலம் சிதைகிறது. போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பும் சரியாகப் போகாமல் படிந்து நிற்கும். நம்முடையதைப் போன்ற மாநிறத் தோலும் கறுப்புத் தோலும் எரிச்சலோ வீக்கமோ வந்தால் நிறமியைக் கூடுதலாகச் சுரக்கும். அந்தக் கருமை மறைய மாதக் கணக்கில் ஆகும். வெளுக்க வேண்டும் என்று பூசியதே கறுக்க வைக்கிறது.

"டாக்டர் கொடுக்கிற பரு மருந்தும்தானே எரியுது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பருவுக்குப் பல காலமாகப் பயன்படும் பென்சாயில் பெராக்சைடையே எடுத்துக்கொள்வோம். 2.5 சதவீத ஜெல்லையும் 10 சதவீத ஜெல்லையும் ஒப்பிட்டு 1980-களிலேயே சோதித்தார்கள். சீழ்ப் பருக்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்தன. எரிச்சலும் தோலுரிதலும் மட்டும் 10 சதவீதத்தில் அதிகம். குணம் ஒரு பக்கம், எரிச்சல் வேறொரு பக்கம்.

எலுமிச்சையைவிடக் கொடியது மருந்துக் கடை கிரீம். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்தது. பெரியவர்களின் மங்குக்கு மருத்துவர் சில வாரம் மட்டும் எழுதித் தருவது. அதைச் சீட்டில்லாமல் வாங்கிப் பள்ளிப் பிள்ளைக்குப் பூசுகிறார்கள். தோல் உரிகிறது, "புதுத் தோல் வருது" என்று வீடே மகிழ்கிறது. அதிலுள்ள மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு சிவப்பை அடக்கி வைத்திருக்கும். நிறுத்திய சில நாளில் முகம் தீயாக எரியும், மறுபடி அதையே பூசுவார்கள். ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதியை இறுக்கியது. விற்பனை நின்றுவிடவில்லை.

எரியாதது எல்லாம் நல்லது என்றும் சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் இதே ஊர் ஆலைகளில் பொடித்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் பயன்பட்டது. அதே பாதரசம் சில வெளுப்பு கிரீம்களில் சத்தமில்லாமல் இருக்கிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

இப்போது பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் அக்காக்களின் கிளைகாலிக் ஆசிட் சீரமும் தங்கைகளின் கைக்கு வந்துவிட்டது. 7 முதல் 18 வயதுள்ளவர்கள் போடும் சருமப் பராமரிப்பு வீடியோக்களை ஆராய்ந்து அமெரிக்காவில் 2025-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதிகம் பார்க்கப்பட்டவற்றில் எரிச்சலூட்டக்கூடிய பொருள்கள் மட்டும் சராசரியாக 11.

பொறுத்துக்கொள்வது எங்கள் ஊரின் குணம். தங்கச் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், வெக்கையிலும் கல் தூசியிலும் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஆனால் அந்தத் தூசியைப் பொறுத்துக்கொண்ட தாத்தாக்களுக்குக் கிடைத்தது சிலிக்கோசிஸ். அந்தப் பொறுமையைப் பன்னிரண்டு வயது முகத்தின் மேல் ஏற்றிவைக்க நமக்கு என்ன உரிமை?

அந்த வயதுக்கு வேண்டியது கொஞ்சம்தான். மணமில்லாத, சோப் அல்லாத மென்மையான முகக் கழுவி. கிளிசரினோ செராமைடோ உள்ள சாதாரண ஈரப்பத கிரீம். வெயிலில் போகும்போது ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி பறக்கும் கோடையிலும் காலையும் மாலையும் கழுவினால் போதும், தேய்க்க வேண்டாம். உதடு வெடித்தால் வாசலின். பரு அடங்கவில்லை என்றால் கோலார் தமகாவிலுள்ள மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். எதைப் பூசினாலும், பிள்ளை "எரியுது" என்றால் உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள். மறுநாள் அதை எடுக்காதீர்கள்.