வல்லாரை காக்கும் என்று வாளாவிருப்பதா?

பம்பலப்பிட்டிக் காலி வீதியிலும் வெள்ளவத்தைச் சந்தையடியிலும் ஓர் ஆறுதல் மலிவாக விற்கப்படுகின்றது. போத்தல் பானத்தையும் பக்கற் உணவையும் வேண்டியமட்டும் உட்கொள்ளலாமாம்; அவற்றிலுள்ள செயற்கை நற்காப்புப் பொருள்களின் நச்சை வல்லாரையும் நெல்லியும் கறுவாவும் முறித்துவிடுமாம். இதையே குளிசையாக்கி விற்போரும் உளர்.

இந்த நம்பிக்கைக்கு ஆய்வுகூட எலிகளே சாட்சி. சோடியம் பென்சோயேற்றைப் பெருமளவில் ஊட்டினால் எலியின் ஈரல் பழுதுறுகின்றது. தாவரச் சாற்றையும் சேர்த்து ஊட்டினால் பழுது குறைகின்றது. ஆய்வு பொய்யன்று. ஆனால், எலிக்கு ஊட்டிய அளவு வேறு, நம் பிள்ளைகள் குடிக்கும் அளவு வேறு. அதிலிருந்து நேரே நமது சமையலறைக்குத் தாவுவது அறிவியல் ஆகாது.

ஒட்சியேற்ற எதிரிகள் எப்போதும் காவலர்களும் அல்ல. விற்றமின் சி அவற்றுள் புகழ்பெற்றது. அதுவே பானத்தில் பென்சோயேற்றுடன் சேரும்போது, வெப்பமும் ஒளியும் துணைசெய்ய, புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன் சிறிதளவில் உருவாகக்கூடும். அமெரிக்கப் பானத் தொழிலுக்கு 1990களின் தொடக்கத்திலேயே இது தெரியும். 2006 இல் அங்கு சோதித்தபோது, சில பானங்களில் குடிநீருக்குரிய எல்லையையும் தாண்டிப் பென்சீன் காணப்பட்டது. கொழும்பு வெயிலில் கடை வாசலில் அடுக்கப்பட்டிருக்கும் போத்தல்களை எண்ணிப் பாருங்கள்.

குளிசையின் கதை இன்னும் கசப்பானது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994 இல் வெளிவந்தது. பீற்றா கரற்றீன் குளிசை உண்டவர்களிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை; 18 வீதம் கூடியிருந்தது.

ஒட்சியேற்ற எதிரி உண்மையில் உதவும் இடமும் உண்டு. பதனிட்ட இறைச்சியிலுள்ள நைத்திரைற்று நைத்திரோசமீன்களாக மாறுவதை விற்றமின் சி தடுக்கின்றது. அதனாலேயே அமெரிக்காவில் பன்றியிறைச்சிப் பேக்கனில் அதன் வகையொன்றைச் சேர்ப்பது சட்டமாயிற்று. றோஸ்மேரிச் சாற்றை நற்காப்புக்குப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியமும் 2010 இல் அனுமதித்தது. இரண்டிலும் காப்பைச் சேர்ப்பவர் உற்பத்தியாளர், உண்பவர் அல்லர். அப்படியிருந்தும் பதனிட்ட இறைச்சியைப் புற்றுநோய்க் காரணி என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் வகைப்படுத்தியது.

நற்காப்புப் பொருள்கள் யாவும் நஞ்சென்று நான் கூறவில்லை. பென்சோயிக் அமிலம் கறுவாவிலேயே இயற்கையாக உண்டு. பூஞ்சணமும் பற்றீரியாவும் பிடித்த உணவு அதைவிடக் கொடியது. கேள்வி அளவு பற்றியது. அந்த அளவை அளப்பவர் யார் என்பது பற்றியது.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் நம்மிடம் உண்டு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. பம்பலப்பிட்டியில் தொடங்கும் பௌத்தாலோக மாவத்தையிலேயே கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடங்கள் உள்ளன. சந்தையிலுள்ள பானங்களைச் சோதித்து, பெயரும் அளவும் குறித்து, மூன்று மொழிகளிலும் ஒழுங்காக வெளியிடுக என்று கேட்பது பேராசையன்று. சுட்டுத்துண்டிலுள்ள சேர்மானங்களைத் தமிழிலும், கண்ணுக்குப் புலப்படும் எழுத்தில் அச்சிடுக என்பதும் அவ்வாறே. பொறுப்பை வல்லாரையிடம் ஒப்படைத்துவிட்டால் இக்கேள்விகளை எவரும் கேட்கமாட்டார்கள். விற்பவர்களுக்கு வேண்டியதும் அதுவே.

வல்லாரைச் சம்பலைத் தாராளமாக உண்ணுங்கள், நல்ல உணவு. ஆனால் போத்தலைத் திருப்பியும் பாருங்கள். 211 என்ற இலக்கமும் 300 என்ற இலக்கமும் சேர்ந்திருந்தால், வெயிலில் கிடந்த அந்தப் போத்தலை வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதைக் கடைக்காரரிடமும் சொல்லுங்கள்.