கொடுக்கத் தெரிந்த கைகள்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் கதவடைக்கும் மார்கழி மாதத்தில், குழந்தைகள் உள்ள வீடுகளில் ஒரு விசித்திரமான மாறுதல் ஏற்படுகிறது. அதுவரை பரீட்சை எழுதி வந்தவர்கள் குழந்தைகள். அன்று முதல் பரீட்சைக்கு உட்படுகிறவர்கள் பெற்றோர்கள். காலைப் பலகாரம் முடிவதற்குள்ளேயே, "அம்மா, இப்போது என்ன செய்வது?" என்ற கேள்வி பிறந்து விடுகிறது. தக்க பதில் கிடைக்காவிட்டால், கேள்வி கேட்டவர் கைப்பேசியைத் தேடி எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து விடுகிறார். வீட்டில் அமைதி நிலவுகிறது. பெற்றோர் அந்த அமைதியைச் சிறிது நேரம் அநுபவித்துவிட்டு, பிறகு ஒரு வாரம் அதற்காக வருத்தப்படுகிறார்கள்.

விடுமுறை வருகிற காலமோ மிகவும் அழகான காலம். நம் வாசலில் பூசணிப் பூ வைத்த கோலம். கோயிலில் விடியற்காலைப் பொங்கல். எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் காகித நட்சத்திரம். நெல்லைச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் எண்ணெயில் பொரிகிற வாசனை, மத வித்தியாசம் பாராமல் தெரு முழுவதும் பரவுகிறது. தீபாவளிக்கு நம் வீட்டிலிருந்து போன தட்டு இன்னும் திரும்பி வரவில்லையே என்று கவலைப்பட்டிருந்த இல்லத்தரசிகளுக்கு இப்போது காரணம் விளங்கும். வெறுந் தட்டாகத் திருப்புவது மரியாதையல்லவென்று அது கிறிஸ்துமஸுக்காகக் காத்திருந்தது!

இப்படிப்பட்ட நாட்களில், குழந்தைகள் தாங்கள் மட்டும் உண்டு உடுத்து மகிழ்ந்தால் போதாது, பிறருக்கும் ஏதாவது செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எண்ணாத பெற்றோர் இல்லை. எண்ணம் மிகவும் சிலாக்கியமானது. அது நடைமுறைக்கு வருகிற விதத்தைப் பற்றித்தான் நேயர்களிடம் கொஞ்சம் பேச விரும்புகிறோம். பிறரைக் குறை கூறும் நோக்கம் நமக்கு இல்லை. நாமே செய்த காரியம்தான் அது.

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னதாக, இனிப்புப் பொட்டலங்களையும் சில பொம்மைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நம் வீட்டு ஆறு வயதுச் சிறுவனுடன் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குச் சென்றோம். ஊரும் பேரும் இங்கே வேண்டியதில்லை. நாம் போனபோது குழந்தைகள் ஏற்கெனவே வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நமக்கு முன் வந்திருந்த கூட்டத்தாருக்காகப் பாடிய பாட்டையே நமக்காகவும் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் அன்று காலையிலிருந்து அது நாலாவது தடவை என்பது கடைசி வரிசையில் நின்ற பொடியனின் கொட்டாவியிலிருந்து தெரிய வந்தது.

இல்லத்தைக் கவனித்து வந்த அம்மையார் மிகுந்த மரியாதையுடன் நம்மை வரவேற்றார். புறப்படும்போது தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். "தவறாக எண்ணக்கூடாது. இந்த வாரத்தில் மட்டும் ஏழு பேர் மத்தியானச் சாப்பாடு போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யாரை வேண்டாமென்று சொல்வது? பொங்கல் முடிந்துவிட்டால் அப்புறம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. குழந்தைகளுக்கு அப்போதும் பசிக்கத்தான் செய்கிறது."

இது முதல் அடி. இரண்டாவது அடி அதற்கு முன்பே விழுந்திருந்தது. நம் சிறுவன் பொம்மையை நீட்டிக்கொண்டிருந்தான். எதிரே ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை கையேந்தி நின்றாள். "இன்னும் கொஞ்சம் கையை நீட்டு, இப்படித் திரும்பிச் சிரி" என்று நாம் கைப்பேசியால் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். (வெட்கத்துடன்தான் எழுதுகிறோம்.) பொம்மையை வாங்கிக்கொண்ட அந்தப் பெண், வரிசையை விட்டு விலகி உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில், தானே வெட்டி ஒட்டிய ஒரு சிவப்புக் காகித நட்சத்திரம் இருந்தது. அதை நம் சிறுவனிடம் நீட்டினாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்! கொடுப்பதற்குத்தான் அவனைப் பழக்கி அழைத்துச் சென்றிருந்தோம். அந்த இல்லத்தில் உள்ளவர்களும் கொடுக்கக்கூடும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. நமக்கே அது தோன்றியிருந்தால் அல்லவா சொல்வதற்கு?

அன்று இரவு, 1931-ம் ஆண்டில் லண்டனில் நடந்த ஒரு சிறு சம்பவம் நம் நினைவுக்கு வந்தது. இரண்டாவது வட்டமேஜை மகாநாட்டுக்காக மகாத்மா காந்தி அங்கே சென்றிருந்தார். பெரிய ஹோட்டல்களையெல்லாம் விட்டுவிட்டு, கிழக்கு லண்டனில் ஏழைத் தொழிலாளிகள் நெருக்கி வாழ்ந்த 'போ' என்னும் பேட்டையில், கிங்ஸ்லி ஹால் என்ற சேவா நிலையத்தில் தங்கினார். பேட்டையின் பெயர்தான் 'போ'. அங்குள்ளவர்கள் அவரை 'வா, வா' என்றுதான் வரவேற்றார்கள். அந்த நிலையத்தை நிறுவியவர்கள் மூரியல் லெஸ்டர், டோரிஸ் லெஸ்டர் என்ற சகோதரிகள். வசதி படைத்த குடும்பத்தில் பிறந்து, ஏழைகளின் நடுவே குடியேறி வாழ்ந்தவர்கள். குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு இல்லமும் நடத்தி வந்தார்கள்.

காலையில் காந்திஜி உலாவப் போகும்போது அந்தப் பேட்டைக் குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். 'காந்தி மாமா' என்பது அவர்கள் வைத்த பெயர். அக்டோபர் 2-ந் தேதி அவருக்கு அறுபத்திரண்டு வயது நிறைந்தது. குழந்தைகள் இல்லத்துச் சிறுவர் சிறுமியர் அவருக்குப் பிறந்த நாள் பரிசு அனுப்பினார்கள். என்ன பரிசு? கம்பளி நாய்க்குட்டிப் பொம்மைகள் இரண்டு, ரோஜா நிற மெழுகுவத்திகள் மூன்று, ஒரு தகரத் தட்டு, ஒரு நீலப் பென்சில், கொஞ்சம் மிட்டாய். அவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் தரித்திரமான வீடுகளில் பிறந்தவர்கள். தர்மவான்கள் யாராவது அங்கே வந்தால், அவர்களை வரிசையில் நிறுத்திக் கம்பளிச் சட்டை கொடுத்துவிட்டுப் போகத்தான் நினைப்பார்கள். காந்திஜியோ அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்! 'ஐயோ, ஏழைக் குழந்தைகளாயிற்றே, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று திருப்பித் தரவில்லை. அந்தப் பொம்மைகளைப் பத்திரமாக இந்தியாவுக்கு எடுத்து வந்தார். அவ்வருஷத்துக் கிறிஸ்துமஸ் அவருக்குப் 'பில்ஸ்னா' கப்பலில், நடுக் கடலில் கழிந்தது. டிசம்பர் 28-ந் தேதி பம்பாயில் இறங்கினார். ஒரு வாரத்துக்குள், 1932 ஜனவரி 4-ந் தேதி, சர்க்கார் அவரைக் கைது செய்து சிறைக்கு அனுப்பியது.

அதே 'போ' பேட்டையில் கிளாரா கிராண்ட் என்ற பள்ளி ஆசிரியை ஒருவரும் இருந்தார். அவர் ஏழைச் சிறுவர்களுக்காகச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் கட்டி வைப்பார். பழைய பொம்மை, பாசிமணி, கிளிஞ்சல், நூற்கண்டுக் கட்டை, கந்தல் துணியில் அழகான ஒரு துண்டு என்று குழந்தைகளின் மனம் அறிந்து சேர்த்த சாமான்கள் உள்ளே இருக்கும். இவற்றை அவர் இனாமாகக் கொடுக்கவில்லை. விலை ஒரு பார்த்திங், அதாவது ஒரு பென்னியில் நாலில் ஒரு பங்கு. குழந்தைகள் சனிக்கிழமை காலையில் அந்தக் காசைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கூட்டம் தாங்காமல் போகவே, மரத்தால் சிறிய வளைவு ஒன்று செய்து வைத்தார்; குனியாமல் அதன் கீழே நுழையக்கூடியவர்களுக்கு மட்டும்தான் பொட்டலம். குனிந்து நுழையப் பார்த்த பெரிய பையன்கள் எத்தனை பேரோ! அந்தக் காசு பெரிய வருமானம் அல்லவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காசு கொடுத்தவன் தலை நிமிர்ந்து வாங்கிப் போகிறான். கையேந்த வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றை நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே பார்க்க நேர்ந்தது. 2004-ம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப் பேரலை வந்தது. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரீகர்களும் அலைக்கு இரையானார்கள். செய்தி கேட்டு நாடெங்கிலுமிருந்து உதவிகள் குவிந்தன. உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள் பலர். அவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் லாரி லாரியாக வந்து இறங்கிய பழந்துணிகளின் கதை வேறு. கிழிந்தவை, சாயம் போனவை, மீனவப் பெண்கள் ஒருநாளும் உடுத்தாத வகையைச் சேர்ந்தவை எல்லாம் சாலையோரங்களில் மலை மலையாகக் கேட்பாரற்றுக் கிடந்தன. அலையில் வீட்டையும் படகையும் இழந்த அந்த ஜனங்கள், முந்தின நாள் வரையில் தங்கள் உழைப்பில் உண்டு, வாசலுக்கு வந்தவனுக்கும் ஒரு மீன் கொடுத்து அனுப்பியவர்கள். பிறர் கழித்த கந்தலை உடுத்த அவர்கள் கூசியதில் ஆச்சரியம் என்ன? பண்டிகைக்கு முன் அலமாரியை ஒழிக்கும்போது, "இது கிழிந்துவிட்டது, ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம்" என்று குழந்தையின் காதில் விழும்படி சொல்கிறோமே, அந்த ஒரு வாக்கியத்தில் அது என்ன பாடம் கற்றுக்கொள்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, குறை சொன்னது போதும். வேறு என்னதான் செய்வது என்று நேயர்கள் கேட்கலாம். நம் வீட்டில் இவ்வருஷம் செய்து பார்த்ததைச் சொல்கிறோம். எல்லாம் வெற்றி பெற்றதாக நினைக்க வேண்டாம்.

மிஸோராம் மலைநாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் 1910-ம் ஆண்டு தொடங்கி இன்றுவரை ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு வேளையும் உலை வைப்பதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்கள். அதைத் திருச்சபை திரட்டி நற்பணிகளுக்குச் செலவிடுகிறது. காஞ்சிப் பெரியவர் தமிழ்நாட்டு வீடுகளுக்கு எடுத்துச் சொன்ன பிடி அரிசித் திட்டமும் நமக்குத் தெரிந்ததே. மூன்று வயதுக் குழந்தையால் செய்யக்கூடிய தர்ம காரியம் இதைவிட வேறு இருப்பதாகத் தோன்றவில்லை. நம் வீட்டில் ஒரு தகர டப்பாவை அடுக்களையில் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் வைத்தோம். முதல் நாள் டப்பாவில் விழுந்த அரிசியைவிடத் தரையில் விழுந்தது அதிகம். பாட்டி முணுமுணுத்துக்கொண்டே கூட்டி அள்ளினார். நாலாம் நாள் முதல் சிந்துவது குறைந்தது. ஒரு மாத முடிவில் நிறுத்துப் பார்த்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. இதில் முக்கியமான விஷயம், அந்த அரிசி தங்கள் சாப்பாட்டிலிருந்து போகிறது என்பது குழந்தைகளுக்குத் தெரிந்திருந்ததுதான்.

நட்சத்திரம் கட்டும் காரியம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. மூங்கில் சிம்பும் வர்ணக் காகிதமும் வாங்கி, பசை காய்ச்சி, நம் வீட்டுக் குழந்தைகளும் எதிர் வீட்டுக் கிறிஸ்தவக் குழந்தைகளும் சேர்ந்து இரண்டு நட்சத்திரங்கள் கட்டுவதென்று ஏற்பாடு. ஒன்று எதிர் வீட்டுக்கு; மற்றொன்று, பிள்ளைகள் எல்லாரும் அயல்நாட்டில் இருக்க, தெருக்கோடியில் தனியாக வசிக்கும் வயோதிகத் தம்பதிகளுக்கு. கால் மணி நேரத்துக்கு மேல் எந்தக் குழந்தையும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. பொறுமையிழந்த தகப்பனார்கள் இருவரும் சிம்பைப் பிடுங்கித் தாங்களே கட்ட ஆரம்பித்தார்கள். தாய்மார்கள் தலையிட்டு அவர்களை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் ஒரு நட்சத்திரத்துக்கு ஐந்து முனையும் மற்றொன்றுக்கு ஏறக்குறைய நாலரை முனையும் அமைந்தன. நாலரை முனை நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் தெருக்கோடி வீட்டுக்குப் போனார்கள். கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் திரும்புவார்கள் என்று எண்ணினோம். இரண்டு மணி நேரம் ஆகியும் வரக்காணோம். போய்ப் பார்த்தால், பெரியவர் அவர்களுக்குப் பல்லாங்குழி கற்பித்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாள் பயத்தம் உருண்டை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உபகாரம் செய்யப் போனவர்கள் யார், பெற்றுக்கொண்டவர்கள் யார் என்று நமக்கு விளங்கவில்லை. இப்போது தினமும் மாலையில் குழந்தைகள் அங்கேதான். விடுமுறை முடிந்தால் என்ன ஆகும் என்று அந்த அம்மாள் கேட்டார். வாரத்துக்கு ஒரு நாள் என்று பேசி முடிவாகியிருக்கிறது.

குழந்தைகள் இல்லத்துக்கு இவ்வருஷம் பண்டிகை நாளில் நாம் போகவில்லை. அம்மையாருக்குக் கடிதம் எழுதி, என்ன தேவை, எப்போது வரலாம் என்று கேட்டோம். போர்வையும் தேங்காய் எண்ணெயும் தேவையென்றும், ஜனவரிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தால் நல்லதென்றும், வரிசையோ பாட்டோ கிடையாதென்றும் பதில் வந்தது. அரிசி டப்பாவும் அன்றுதான் போகிறது. கைப்பேசி வீட்டிலேயே இருக்கும்.

அந்தச் சிவப்புக் காகித நட்சத்திரம் ஒரு வருஷமாக நம் சிறுவனின் மேஜைக்கு மேல் தொங்குகிறது. அன்று அவன் கைகளை முன்னால் கொண்டுவந்து அதை வாங்கிக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தது, ஆனால் வாங்கிக்கொண்டான். காற்றில் ஆடி ஆடி இப்போது அதன் ஒரு முனை கிழிந்துவிட்டது. நாமே ஒட்டித் தருகிறோம் என்றால் சம்மதிப்பதாயில்லை. செவ்வாய்க்கிழமை கையோடு எடுத்துக்கொண்டு போய், அந்தப் பெண்ணிடமே கொடுத்து ஒட்டித் தரும்படி கேட்கப் போகிறானாம்.