முக்குகிறது... பிடிக்க மாட்டேன் என்கிறது!



பழைய காடி வைத்திருப்பவர்களுக்கு இப்படியொரு சோதனை அடிக்கடி வரும். சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. உடனே ஆளுக்கொரு யோசனை. "பேட்டரி போய்விட்டது" என்பார் ஒருவர். "ஸ்டார்ட்டரை மாற்றுங்கள் சார்" என்பார் இன்னொருவர். இஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றுகிறது என்றால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன என்றுதான் பொருள். களைத்துப்போன மாடு போல இழுத்து இழுத்துச் சுற்றினால் மட்டுமே பேட்டரியைச் சந்தேகியுங்கள். ஏனெனில் அப்போது தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தையும் ஸ்டார்ட்டரே தின்றுவிடும்.

இஞ்சின் பிடிப்பதற்குப் பெட்ரோலும் காற்றும் வேண்டும், சரியான நேரத்தில் தீப்பொறி வேண்டும், உள்ளே அழுத்தம் வேண்டும். இதில் ஏதோ ஒன்று குறைகிறது. எது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. நான் சொல்வதெல்லாம் காபுரேட்டர் உள்ள காடிகளுக்கு. 1970-களில் ஓடிய டட்சன் 120ஒய், 1985-ல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்றவை இன்னும் நம்மவர் சிலர் வீட்டு வாசலில் நிற்கின்றனவே, அவற்றுக்கு.

கருவியைத் தேடுமுன் மூக்கைப் பயன்படுத்துங்கள். பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தால், குடித்தது அதிகமாகி பிளக் நனைந்துவிட்டது என்று அறியலாம். நம் ஊர் வெக்கையில் சோக்கை முழுதாக இழுத்துவிட்டு, எக்சிலேட்டரையும் நாலைந்து முறை மிதித்தால் வேறென்ன நடக்கும்? சோக்கைத் தள்ளிவிட்டு, எக்சிலேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதித்துப் பிடித்தபடி முடுக்குங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். ஒரு நிமிடமாவது ஸ்டார்ட்டரை ஆறவிட்டுப் பிறகு முயலுங்கள்.

நெடியே இல்லாவிட்டாலும் முதலில் தீப்பொறியைப் பாருங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியிலேயே மாட்டி, பிளக்கின் இரும்பு உடல் இஞ்சினின் வெற்று இரும்பில் நன்றாகப் படும்படி வையுங்கள். கையால் பிடிக்காதீர்கள்; ரப்பர் பிடி போட்ட குறடு வேண்டும். அருகில் பெட்ரோல் சிந்தியிருந்தால் அது காயும்வரை இதைத் தொடவே வேண்டாம். ஒருவர் முடுக்க, மற்றவர் பார்க்கலாம். பளிச்சென்று நீலமாகப் பொறி பறந்தால் நல்லது. மஞ்சளாகச் சோகையாக வந்தாலோ, வராமலே போனாலோ, குற்றம் மின்சாரப் பக்கம்தான்.

இரவெல்லாம் மழை பெய்து காலையில் பிடிக்கவில்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த துணியால் துடைத்தாலே பல காடிகள் பிடித்துவிடும். மூடிக்குள் மயிரிழை போல விரிசலோ, கரிக்கோடோ இருந்தால் மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவிலுள்ள சிறு கரித்துண்டு தேய்ந்து போயிற்றா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து பொயிண்ட். எங்கள் தோட்டத்தில் ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் இருக்கிறார். அவர் மனைவியை வாரம் மூன்று முறை டவுனுக்கு டயாலிசிசுக்கு அழைத்துப்போவது ஒரு 120ஒய்-தான். அது நின்றுபோனதும் புது பேட்டரி வாங்கினார். பிறகு கொயில் வாங்கினார். வாடகை வண்டிக்கும் கொடுத்துக் கொடுத்து மாளவில்லை. கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் விலை பேசிவிட்டார். மூடியைத் திறந்து பார்த்தபோது பொயிண்டின் குதிகால் தேய்ந்து, இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கிடந்தது. பொயிண்ட் திறந்தால்தானே பொறி வரும்? முகத்தை உரசிச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.5 மில்லிமீட்டருக்கு வைத்தோம். கால் மணி நேர வேலை. பேட்டரிக்கும் கொயிலுக்கும் கொடுத்த பணம் போனதுதான், காடியாவது மிஞ்சியது.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். தொட்டியில் இருக்கிறதா என்று கேட்டால் கோபிக்காதீர்கள். பழைய காடிகளில் முள் பொய் சொல்லும். ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, காபுரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி திராட்டில் கம்பியைக் கையால் இழுங்கள். பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீச்ச வேண்டும். பீச்சவில்லையா? கொயிலின் மெல்லிய கம்பியைக் கழற்றிப் பொறி வராமல் செய்துவிட்டு, பம்பிலிருந்து காபுரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு போத்தலில் விட்டு முடுக்குங்கள். விட்டு விட்டுத் துள்ளி வந்தால் பம்பு நன்று, குற்றம் காபுரேட்டரில். வராவிட்டால் வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது பம்பின் டயாஃபிரம் கிழிந்திருக்கலாம். அருகில் சிகரெட் பிடிப்பவர் நின்றால் முதலில் அவரைத் துரத்துங்கள்.

மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற காடியானால் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். வீரியம் போய், பிசினாகிக் காபுரேட்டரின் சிறு துளைகளை அடைத்துவிடும். கேமரன் மலை ஏறி, நிறுத்தி, சற்று நேரத்தில் மறுபடி பிடிக்கவில்லையென்றால் குழாயில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். பானட்டைத் திறந்துவிட்டு ஆறவிடுங்கள். பம்பின்மேல் ஈரத்துணி போடலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாவியை முறுக்கிப் பிடித்திருக்கும்வரை இஞ்சின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது என்றால், கொயிலுக்குப் போகும் வழியிலுள்ள பாலாஸ்ட் என்ற சிறு மின்தடை அறுந்திருக்கலாம். முடுக்கும்போது மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு போவதால்தான் அந்த ஒரு கணம் உயிர் வருகிறது.

பொறியும் பெட்ரோலும் இருந்தும் பிடிக்கவில்லை, சுற்றும் ஓசையும் வழக்கத்தைவிட லேசாக, தடையில்லாமல் வேகமாகக் கேட்கிறது என்றால் அத்துடன் நிறுத்துங்கள். சாகாவில் இருப்பது டைமிங் பெல்ட். 120ஒய் போலச் சங்கிலி அல்ல. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒருவரை ஓரிரு விநாடி மட்டும் முடுக்கச் சொல்லி, உள்ளே வால்வுக் கைகள் அசைகின்றனவா என்று பாருங்கள். அசையாவிட்டால் பெல்ட் அறுந்துவிட்டது. மேற்கொண்டு ஒருமுறைகூட முடுக்காமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள். போர்மேனிடம் "பெல்ட்டைப் பாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.